நடு உத்திரத்துக்குக் கீழே ஓர் இலை

கிட்ட வந்து உட்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். அந்தக் கட்டை மேலேயே உட்காரலாம், ஒண்ணும் செய்யாது. இந்தப் பக்கம் வேண்டாம், வலது பக்கமா வாங்க. மில் இரைச்சல்ல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்க மாட்டேங்குது பாருங்க. என்னது? கரண்டு போயி ரொம்ப நேரமாச்சா? அப்படியா? எனக்கு அந்த இரைச்சல் காதுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். சின்ன வயசிலிருந்து மரம் அறுக்கிற வாளுக்குப் பக்கத்துலயே நின்னவன் இல்லையா. சரி, கரண்டு வந்ததும் உங்க மரத்தை முதல்ல அறுக்கச் சொல்லுதேன். அது வரைக்கும் சும்மா இருப்பானேன், ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க.

வீடு கட்டுறீங்க. நல்லது. மரத்தைக் கண்ணால பார்த்து மட்டும் எடுத்துடாதீங்க. காதால கேட்டு எடுக்கணும். இந்தச் செங்கோட்டைப் பக்கம் மரம் எடுக்க வாரவங்க என்னைக் கூட்டிக்கிட்டுத்தான் டிப்போவுக்குப் போவாங்க. குத்தாலிங்கம்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. தட்டுக்காரர்னு கேளுங்க, கைக்குழந்தைகூட வழி காட்டும். விரலை மடக்கி முட்டியால ஒரு தட்டு. கணீர்னு சொன்னா கட்டி மரம். பொத்துன்னு சொன்னா உள்ளே கோளாறு. அவ்வளவுதான் வித்தை. இத்தனை வருசத்துல எனக்குப் பொத்துன்னு கேட்ட மரமே ரொம்பக் கொஞ்சம். இப்போ ஒரு பத்து வருசமா ஒண்ணுகூட இல்லை. அந்த அளவுக்கு நல்ல மரமா வருது.

எங்கேயோ காலேஜ்ல மிஷின் வச்சிருக்காங்களாம். உத்திரத்தை மேலே இருந்து அமுக்குமாம். எவ்வளவு வளையுதுன்னு பார்க்குமாம். அப்புறமும் அமுக்கி, முறிஞ்ச உடனே, இந்த மரம் இத்தனை பாரம் தாங்கும்னு சொல்லிடுமாம். சரியாத்தான் சொல்லும், நான் இல்லேங்கலை. ஆனா முறிஞ்ச உத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து என்ன செய்ய?

இதையேதான் வடிவும் கேட்டாள். ஆமா, அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன். சண்முகவடிவு, எங்க தெருக்காரி. நல்லவதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா மட்டு மரியாதை தெரியாது. சாப்பிட உட்கார்ந்த மனுசனை எழுப்பலாமா தம்பி? ஒரு தடவை இல்லை, இலை போட்டுத் தண்ணி தெளிச்ச பிறகு, திரும்பத் திரும்ப எழுப்பினாள். அதுவும் யாரை? மாசிலாமணி அண்ணாச்சியை!

மாசிலாமணி அண்ணாச்சி மர டிப்போ வச்சிருக்காரு. தங்கமான மனுசன். நான் யாரையாவது கூட்டிக்கிட்டு அவர் டிப்போவுக்குள்ள காலை வச்சா போதும், 'தட்டுக்காரருக்கு ரெண்டு உளுந்த வடை, சூடா'ன்னு முதல்ல ஆள் அனுப்புவாரு. மரமெல்லாம் பிறகுதான். வடையைத் தின்னு, டீயைக் குடிச்சு, கையைத் துடைச்சுட்டுத் தட்டினேன்னா அடடா, அந்த டிப்போ மரம் மாதிரி கணீர்னு வேற எங்கேயும் கேட்டதில்லை.

வடிவுக்குப் புளி வியாபாரம். தோப்பு தோப்பாப் புளியமரத்தைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, உடைச்சு, கொட்டை எடுத்து, மூட்டை கட்டி அனுப்புவாள். வீட்டுக்காரரு புனலூர்ல டீக்கடை, எப்பவாவதுதான் வருவாரு. எல்லாம் இவள் ஆட்சிதான். வீட்டுக்குப் பின்னால ஒரு நீள அறை. அதுல பொம்பளைகள் உட்கார்ந்து புளி உடைப்பாங்க. போன ஐப்பசி மழைக்கு அந்த அறைக்குள்ள தண்ணி வந்து, தரையில அடுக்கியிருந்த புளியெல்லாம் கரைச்சு வச்ச ரசம் மாதிரி ஆயிட்டுது. அதனால அந்த அறைக்கு ஒரு மச்சு போடணும், மூட்டையை மேலே ஏத்தணும்னு முடிவு பண்ணினாள். மேலே புளி, கீழே ஆளு. பொம்பளைகள் அங்கேயேதான் வேலை பார்ப்பாங்க, அவங்க பிள்ளைகள் அங்கேயேதான் தூளியில தூங்கும்.

'அண்ணே, நல்ல உத்திரமாப் பார்த்துத் தாங்க. பிசகுச்சுன்னா புளிக்கு ஒண்ணும் ஆவாது. நேரா ஆவுடை தலையிலதான் விழும்.'

பக்கத்துல இருந்த ஆவுடை, அவளுக்கு நல்ல பருத்த உடம்பு, 'என் தலையில விழுந்தா உத்திரத்துக்குத்தான் சேதாரம்'னாள். எல்லாரும் சிரிச்சாங்க. வடிவு மட்டும் சிரிக்கலை. தூளியில கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கிட்டே இருந்தாள்.

கூட்டிக்கிட்டுப் போனேன். எங்கே? மாசிலாமணி அண்ணாச்சி டிப்போவுக்குத்தான். வேங்கை உத்திரம் ஏழு. வேங்கைன்னா இரும்பு தம்பி, ஆணி லேசுல இறங்காது. வடை வந்தது, தின்னேன். தட்டினேன். ஏழும் கணீர். வடிவு பக்கத்துல நின்னு மரத்தைப் பார்க்காம என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாள். எதுக்குன்னு தெரியலை.

வண்டியில ஏத்தி அனுப்புறதுக்கு முந்தி அண்ணாச்சி ஒரு காரியம் செஞ்சார். ஏழு உத்திரத்துக்கும் மேலே கீழே எல்லாப் பக்கமும் தாரு பூசச் சொன்னார். 'கரையான் ஏறாது தாயி. காசு வேண்டாம், நம்ம செலவு.' மூணு பூச்சு! யாரு செய்வா இந்தக் காலத்துல?

வடிவு வீட்டுக்கு வந்து உத்திரங்களைச் சுத்திச் சுத்தி வந்தாள். 'அண்ணே, நாம கேக்கலையே. கேக்காம எதுக்குப் பூசுதாரு?'

'நல்ல மனசும்மா.'

'வரி தெரியலை, முடிச்சு தெரியலை, வெடிப்பு தெரியலை. அமாவாசையில எருமையைப் பார்த்த மாதிரில்லா இருக்கு.'

ஆசாரியைக் கூப்பிட்டு உளியால சுரண்டச் சொன்னாள். தாரு நல்லா உள்ளே இறங்கிப் போச்சு. ஆசாரி அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் சுரண்டிப் பார்த்துட்டு, 'எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு. முழுக்கச் செதுக்கினா மரம் மெலிஞ்சு போகும்மா'ன்னு உளியைக் கீழே வச்சுட்டார்.

அப்போ ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கைன்னு அவங்க சொல்லுதாங்க. நான் தெருப் பக்கம் திரும்பி நின்னு வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தேன். வடிவு முன்னால வந்து, 'கேட்டுச்சாண்ணே?'ன்னாள்.

'என்னத்தை?'

'உங்களுக்குப் பின்னால நின்னு சுத்தியலால உத்திரத்துல தட்டினேனே.'

தட்டினாத்தானே கேக்கும்? அவள் தட்டவே இல்லை. ஆசாரி, ஆவுடை, இன்னும் ரெண்டு பேரு, தட்டினது உண்மைதான்னு சத்தியம் பண்ணுதாங்க. நாலு பேரும் வடிவு வீட்டுச் சோறு தின்கிறவங்க, வேற எப்படிச் சொல்லுவாங்க? நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா அவள் அதுக்குப் பிறகு என்னைத் தட்டச் சொல்லவே இல்லை. தட்டின வரைக்கும் போதும்னு திருப்தி ஆயிட்டாள் போலிருக்கு.

மறுநாள் போனா முற்றத்துல ரெண்டு ஆட்டுக்கல். ஒண்ணு இந்தக் கடைசி, ஒண்ணு அந்தக் கடைசி. அது மேலே ஒரு உத்திரத்தைக் கிடத்தியிருக்காள். மரத்தோட பக்கவாட்டுல ரெண்டு முனைக்கும் ஆணி அடிச்சு, ஒரு நூலை விறைப்பா இழுத்துக் கட்டியிருக்கு. நடுவுல நூல் போற இடத்துல சுண்ணாம்பால ஒரு கோடு.

'என்னம்மா, மரத்துக்குப் பூணூல் போட்டிருக்கே?'

'இருங்கண்ணே. ஏட்டி ஆவுடை, ஏறு. நீங்களும் ஏறுங்கட்டி.'

நாலு பொம்பளைகள் உத்திரத்து நடுவுல ஏறி வரிசையா உட்கார்ந்துக்கிட்டாங்க, கல்யாண வீட்டு பெஞ்சியில உட்கார்ற மாதிரி. அவங்க உட்கார்ந்ததும் மரம் கொஞ்சம் இறங்குமில்லையா? மரத்தோட சேர்ந்து சுண்ணாம்புக் கோடும் இறங்கும். நூல் முனையில இருந்து முனைக்குக் கட்டினது, அது அங்கேயேதான் நிக்கும். இவள் தரையில குப்புறப் படுத்து, நூலுக்கும் கோட்டுக்கும் நடுவுல புளியங்கொட்டையை வச்சு வச்சுப் பார்க்குதாள்! ஒண்ணுக்கு ஒரு கொட்டை அளவு இறங்குச்சு. ஒண்ணுக்கு ரெண்டு. ஏழையும் அப்படியே ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, ஆவுடைக்கு இடுப்பு விட்டுப் போச்சு.

'அக்கா, ஒத்தைப் புளியங்கொட்டைக்காக எங்க உசிர வாங்குதே.'

'உன் உசிரு போகக்கூடாதுன்னுதாம்ட்டி உசிர வாங்குதேன்.'

கடைசியில பிரிச்சு வச்சாள். கூட வளையுற ரெண்டும் சுவரோரத்துக்கு, அங்கே பாரம் கம்மி. விறைப்பா நிக்கிறதெல்லாம் நடுப்பக்கம். அதுலயும் ஒண்ணு, கொட்டையில பாதி அளவுகூட இறங்கலை. அப்படி விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுக்குத்தான் நட்டநடு இடம்.

'பார்த்தியா, ஏழும் நல்ல மரம்தான். நான் தட்டும்போதே சொன்னேன்'னேன்.

வடிவு மண்ணைத் தட்டிக்கிட்டு எழுந்தாள். 'வளையுறது எது, வளையாதது எதுன்னு தெரிஞ்சு போச்சு அண்ணே. முறியுறது எதுன்னு தெரியலையே. அது வேற, இது வேறல்லா? எங்க மாமனாரு கடைசி வரைக்கும் குனியாமத்தான் நடந்தாரு. ஒரு நாள் பொசுக்குன்னு போயிட்டாரு.'

'முறிச்சுப் பார்த்தாத் தெரியும்'னேன் விளையாட்டா.

'முறிச்சுப் பார்த்தா மச்சு ஏது?' நூலை அவிழ்த்துச் சுருட்டினாள். அப்புறம் சொன்னாள்: 'மரத்துக்கிட்ட கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு. இனிமே ஆளுக்கிட்டதான் கேக்கணும்.'

'எந்த ஆளு?'

'தாரு பூசின ஆளு.'

'அதுக்கென்ன, வா, இப்பவே போயி அண்ணாச்சிக்கிட்ட கேட்டுருவோம்.'

'கேட்டா சொல்லுவாரா அண்ணே?'ன்னு என்னைப் பார்த்துச் சிரிச்சாள். என்ன சிரிப்போ.

உத்திரம் ஏத்தின அன்னைக்குச் சாப்பாடு போடுறது எங்க பக்கத்து வழக்கம். ஆசாரிக்கு, கொத்தனாருக்கு, மரம் கொடுத்தவருக்கு. மரம் கொடுத்தவருக்குத்தான் முதல் இலை. வடிவும் குறை வைக்கலை. சொதி, அவியல், உருளைக்கிழங்கு, அப்பளம், சிறுபருப்புப் பாயசம். ஏழு உத்திரமும் ஏத்தி, மேலே பலகை பரப்பி, அன்னைக்கே புளி மூட்டையையும் அடுக்கியாச்சு. சாப்பாட்டுக்கு முந்தியே எதுக்கும்மா அவசரம்னா, 'நல்ல நேரம்ணே'ன்னாள். நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அத்தனை மூட்டையும் மேலே. அந்தப் பொம்பளைகளை மாதிரி வேலை செய்ய இந்தத் தாலுகாவுலயே ஆள் கிடையாது. அதுலயும் நட்டநடு உத்திரத்துக்கு மேலதான் மூட்டை குவியலா இருந்தது.

மாசிலாமணி அண்ணாச்சி வெள்ளை வேட்டி, நெத்தி நிறையத் திருநீறோட வந்தார். அந்த நீள அறையில, ஒவ்வொரு உத்திரத்துக்கு நேர் கீழேயும் ஒரு இலை. வாசல் பக்கத்து முதல் இலையில அவரை உட்கார வச்சாள். நல்லாச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணி தெளிச்சார். உப்பு வச்சாச்சு. அப்போ வந்து சொல்லுதாள்:

'அண்ணாச்சி, இங்கே வெயில் அடிக்கும். அடுத்த இலைக்கு வாங்க.'

பாவம், எழுந்தார். ரெண்டாவது இலையில உட்கார்ந்தார். மேலே ஒரு பார்வை பார்த்தார், கீழே பார்த்தார், 'பரவாயில்லை, காத்து வருது'ன்னார். அவியல் வச்சாச்சு.

'ஐயோ அண்ணாச்சி, எறும்பு. இப்படி வாங்க.'

எனக்குக் கூச்சமாப் போச்சு தம்பி. போட்ட இலையில இருந்து விருந்தாளியை எழுப்புறது எந்த ஊர் வழக்கம்? எறும்பும் இல்லை, ஒண்ணும் இல்லை, நானே குனிஞ்சு பார்த்தேன். அவர் பெருந்தன்மையா மூணாவது இலைக்குப் போனார். மேலே பார்த்தார். உட்கார்ந்தார். சோறு போட்டு, சொதியை ஊத்துறதுக்கு முந்தி மறுபடியும்:

'அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. முதல் மரியாதைன்னா நடுவுல உட்கார்றதுதானே முறை? இதோ நட்டநடு இலை.'

அண்ணாச்சி எழுந்து நாலாவது இலைக்கு வந்தார். மேலே பார்த்தார். உத்திரத்தோட முனையில வெட்டியிருந்த டிப்போக் குறியைப் பார்த்தார். அதுக்கு மேலே பலகை இடுக்குல தெரிஞ்ச மூட்டைக் குவியலைப் பார்த்தார். அப்படியே நின்னுட்டார்.

'உக்காருங்கண்ணாச்சி.'

'இல்லை தாயி... முட்டு மடக்க முடியலை. வாசல்லயே ஒரு நாற்காலி போடு. கையில வாங்கிச் சாப்பிட்டுக்கிடுதேன்.'

முட்டு வலி வராதா பின்னே? மூணு தடவை உட்கார்ந்து எழுந்தா எனக்கே முட்டு வலிக்கும். வயசான மனுசனை இப்படியா அலைக்கழிக்கிறது! வடிவு 'சரிண்ணாச்சி'ன்னு ஒரே சொல்லுல விட்டுட்டாள். வாசல்ல நாற்காலியும் போட்டாச்சு. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

'குத்தாலிங்கண்ணே, போட்ட இலை வீணாகக் கூடாது. நீங்க உக்காருங்க.'

பார்த்தீங்களா, மரம் தட்டிக் கொடுத்தவனுக்கு நடு இலை. அவளுக்கும் கொஞ்சம் மரியாதை தெரியத்தான் செய்யுது. நான் உட்கார்ந்தேன். சோத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சேன். அண்ணாச்சி நாற்காலியில உட்கார்ந்தபடி என்னையே பார்க்குதார். சாப்பாட்டுல கை வைக்கலை. என்னைப் பார்க்குதார், மேலே பார்க்குதார், துண்டால முகத்தைத் துடைக்குதார். அவ்வளவு வேர்வை.

வடிவு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள், எனக்கே கேக்குற மாதிரி: 'ஏட்டி ஆவுடை! சுவரோரத்து மூட்டையையும் நடுவுல தள்ளு!'

மேலே தடதடன்னு இழுத்தாங்க. பலகை இடுக்கு வழியா என் இலையில தூசி விழுந்தது. சொதியெல்லாம் தூசி. நான் அதை விரலால ஒதுக்கிக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். முட்டு வலிக்காரர், என்ன ஓட்டம்! என் தோளைப் பிடிச்சு இழுக்குதார்.

'எந்திரியும்வே! எந்திரியும்ங்கேன்லா!'

'இருங்க அண்ணாச்சி, இன்னும் பாயசம் வரலை.'

'பாயசமாவது மண்ணாவது! வெளியே வாரும்வே!' என்னைச் சுவர் வரைக்கும் இழுத்துக்கிட்டே போயிட்டார். என் கையில சோத்து உருண்டை அப்படியே இருக்கு. வடிவு பக்கம் திரும்பி மூச்சு வாங்கச் சொன்னார்: 'அந்த மரம் வேண்டாம் தாயி. அடியில ஒரு பொந்து இருந்தது. நான்தான் மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சேன். நாலு பேர் ஏறினாத் தாங்கும். மூட்டை நின்னா ஒரு மழைக்காலம் தாங்காது. வேற தாரேன். நானே ஆள் வச்சு மாத்தித் தாரேன். முதல்ல மேலே இருக்கிற ஆளுகளை இறங்கச் சொல்லு.'

'மத்த ஆறும்?'

'பிள்ளைகள் மேல சத்தியமா மத்ததெல்லாம் சுத்தம். நான்தான் உட்கார்ந்தேனே, பார்த்தேல்லா?'

'மூணுலதான் உக்காந்தீங்க. மிச்சம் மூணு?'

அந்த மனுசன் அஞ்சு, ஆறு, ஏழுன்னு ஒவ்வொரு இலையிலயும் போயி உட்கார்ந்து, ஒரு பருக்கை வாயில வச்சு, எழுந்து காட்டினார். ஆசாரி சிரிப்பை அடக்க முடியாம வெளியே போயிட்டார்.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் இது மனசுக்கு ஒப்பலை தம்பி. நான் தட்டின மரத்துல பொந்தா? கணீர்னு கேட்டேனே! அவர் எதுக்கு அப்படிச் சொன்னார் தெரியுமா? ஒரு பொம்பளை மனசுல சந்தேகம் வந்துட்டுது, இனிமே அந்த மரம் இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது. அதனால பழியைத் தானே ஏத்துக்கிட்டார். அதுதான் பெருந்தன்மை. பிறகு அந்த உத்திரத்தை இறக்கி அறுத்தப்போ உள்ளே ஒரு கோழி அடை படுக்கிற அளவுக்குப் பொந்து இருந்ததுன்னு சொல்லுதாங்க. அறுத்தா ஓட்டை விழத்தானே செய்யும்.

சரி, அதை விடுங்க. அன்னைக்கு அண்ணாச்சி செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு, வேற உத்திரம் எடுத்து வைக்க வேகமா டிப்போவுக்குப் போனாரா? அவர் தெருமுனை திரும்புற வரைக்கும் வடிவு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாள். அப்புறம் உள்ளே வந்து, 'இறக்குங்கட்டி'ன்னாள்.

இறக்கினாங்க பாருங்க! ஆவுடை ஒரு கைக்கு ஒரு மூட்டையாத் தூக்கிக்கிட்டு ஏணியில விறுவிறுன்னு இறங்குதாள். இன்னொருத்தி தலையில ஒண்ணு, கக்கத்துல ஒண்ணு. புளி மூட்டை தம்பி! நம்மால அசைக்க முடியுமா? என்ன பலம், என்ன பலம்னு நான் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கேன். வடிவு ஒரு மூட்டையைப் பூக்கூடை மாதிரி இடுப்புல இடுக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போனாள். வாயைக் கட்டியிருந்த கயித்தை அவிழ்த்தாள். உள்ளே இருந்ததெல்லாம் புளியம்பழத்து ஓடு, சக்கையாக் காஞ்ச ஓடு. அதை அப்படியே அடுப்புல கொட்டி, ஊதி எரியவிட்டு, அண்ணாச்சி குடிக்காம விட்டுட்டுப் போன பாயசத்தைச் சுட வச்சு எனக்கு ஊத்தினாள்.